எண்ட்வாக்கர் நாட்கள்

டிசம்பர் 3, 2021, வெள்ளி

சிங்கப்பூர் நேரம் மாலை 5 மணிக்குச் சர்வர் திறந்தது. ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் கேமின் நான்காவது எக்ஸ்பான்ஷன், எண்ட்வாக்கர். முன்பதிவு செய்தவர்களுக்கு இன்று, மற்றவர்களுக்கு 7ஆம் தேதி. நவம்பர் 23 என்றுதான் முதலில் அறிவித்திருந்தார்கள். போன மாதம் தயாரிப்பாளர் யோஷிதா நவோகி நேரலையில் தோன்றி, இன்னும் மெருகேற்ற வேண்டியிருக்கிறது, இது என் பிடிவாதம்தான் என்று கண் கலங்கி மன்னிப்புக் கேட்டு, இரண்டு வாரம் தள்ளிவைத்தார். ஒரு கேம் தாமதமானதற்குத் தயாரிப்பாளர் அழுது நான் பார்த்ததில்லை.

லீவு போட்டிருந்தேன். மேசையில் காபி, பக்கத்தில் முறுக்கு டப்பா. பிளே பட்டனை அழுத்தினால் வரிசை எண் வருகிறது, ஆயிரங்களில். எங்கள் டான்பெரி சர்வர் ஜப்பானில் இருந்தாலும், சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியாக்காரர்கள் ஆங்கிலம் பேசிக்கொண்டு குடியேறியிருப்பது பெரும்பாலும் அங்கேதான். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில். ஜொகூர் பாருவிலிருந்து எங்கள் ஃப்ரீ கம்பெனித் (கேமுக்குள் நாங்கள் சேர்ந்திருக்கும் குழு) தம்பி போன் செய்தான்.

“அண்ணே, உள்ள போயிட்டீங்களா?”

“இன்னும் வெளியிலதான்டா. நீ?”

“நான் சாப்பிட்டுட்டு வந்துடுறேன். அதுக்குள்ள ரெண்டு பேர் குறைஞ்சா பெரிய விஷயம்.”

இரவு வெகுநேரம் கழித்துத்தான் கப்பல் ஏறினேன். லிம்சா லொமின்சா துறைமுகத்திலிருந்து பழைய ஷார்லயனுக்குக் கடல் பயணம். மேல்தளத்தில் நிற்கும்போதே, இத்தனை வருடமாகக் குரலாக மட்டும் கேட்ட ஹைடலின் தெய்வம் எதிரே வந்து பேசத் தொடங்கிவிடுகிறது. முதல் பத்து நிமிடத்திலேயே இதை வைத்திருக்கிறார்கள். தூக்கம் போய்விட்டது.

டிசம்பர் 4, சனி

வரிசைக்கான காரணத்தை யோஷிதா விளக்கமாக எழுதியிருக்கிறார். ஒரு டேட்டா சென்டரில் காத்திருப்போர் 17,000ஐத் தாண்டினால், அதற்கு மேல் வருபவரை 2002 என்ற எண்ணைக் காட்டி வெளியேற்றிவிடுமாம். சர்வரைப் பெருக்கலாமே என்றால், உலகம் முழுக்க செமிகண்டக்டர் தட்டுப்பாடு. காசு கொடுத்தாலும் இயந்திரம் கிடைக்கவில்லை. சந்தாதாரர்களுக்கு 7 நாள் இலவசம் தந்திருக்கிறார்கள். அறிக்கையில் மழுப்பல் இல்லை. எந்தக் கருவி எங்கே திணறுகிறது என்பதைப் பயனாளியிடம் இப்படி விவரமாகச் சொல்லும் பழக்கம் இந்தத் துறையில் அபூர்வம்.

ஷார்லயன் அறிஞர்களின் நகரம். வெள்ளைக் கல், நீலக் கடல், எல்லார் கையிலும் புத்தகம். ஊரின் கீழே லாபிரிந்தோஸ் என்ற மாபெரும் நிலவறை. உள்ளே வயலும் ஆறும் போலி வானமும் இருக்கின்றன. அறிவுக்காகச் சுவையைத் தியாகம் செய்தவர்கள் என்பதைக் காட்ட ‘ஆர்கான் லோஃப்’ என்று ஒரு ரொட்டி. உடம்புக்கு வேண்டிய சத்தெல்லாம் அதில் உண்டு, வாயில் வைக்கத்தான் முடியாது. மாணவர்களே அதைத் திட்டிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். உலகம் அழியப் போகிறது என்று எச்சரிக்க வந்தவர்களிடம் இவ்வூர்ச் சபை “அதெல்லாம் உங்களுக்குச் சொல்வதற்கில்லை” என்கிறது. எந்த நாட்டுக் கமிட்டியானாலும் இதையேதான் சொல்லும் போலிருக்கிறது.

புது வகைக் குவெஸ்ட் ஒன்று பிடித்தது: கதைத் தோழர்கள் கூடவே நடந்து வருகிறார்கள், வழியில் எதைப் பார்த்தாலும் ஒரு வார்த்தை சொல்கிறார்கள். இன்னொன்று பிடிக்கவில்லை: ஒருவரை மறைந்து மறைந்து பின்தொடர வேண்டும். அவர் திரும்பிப் பார்த்துவிட்டால் முதலிலிருந்து. இதில் என்ன சுவை கண்டார்கள் என்று தெரியவில்லை.

டிசம்பர் 5, ஞாயிறு

தவ்னேர் தீவு. இந்தியாவை மனதில் வைத்து வரைந்திருக்கிறார்கள் என்று டிரெய்லரிலேயே தெரிந்தது. இறங்கி நடந்தபோது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. ராட்ஸ்-அட்-ஹான் நகரத்தில் சுவருக்குச் சுவர் வண்ணம், துணிச் சாயம், ரசவாதக் கூடங்கள், நெரிசலான படிக்கட்டுகள். பெயர்களில் விருத்ரா, மத்ஸ்யா, மேகதூதா. மேலைநாட்டு, ஜப்பானிய கேம்களில் இந்தியா என்றால் பாம்பாட்டியும் புலியும் என்று பார்த்துச் சலித்தவன் நான். இங்கே கொஞ்சம் அரபு, கொஞ்சம் பாரசீகம், கொஞ்சம் வடஇந்தியா என்று கலவைதான். தென்னாட்டுச் சாயலைத் தேடினால் ஏமாற்றம். ஆனாலும் ஏளனம் கிடையாது. ஊர் ஜனங்கள் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், பயப்படுகிறார்கள்.

அர்காசோதரா என்ற யானைத்தலை மக்களோடு நான் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார்.

“என்னடா, பிள்ளையாரை அடிக்கிறியா?”

“இல்லம்மா, இவங்க நல்லவங்க. கடை வச்சிருக்காங்க.”

“அப்ப சரி.” போய்விட்டார்.

ஃப்ரீ கம்பெனி அரட்டைப் பெட்டி வழக்கமாக ஓயாது. இன்று வெறிச்சோடிக் கிடக்கிறது. ஸ்பாய்லர் பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. எப்போதாவது யாரோ ஒருவர் மூன்று ஆச்சரியக்குறி மட்டும் போடுகிறார். முன்னால் போனவர்கள் “ம்” என்கிறார்கள்.

டிசம்பர் 8, புதன்

கார்லமால்ட். 2013இலிருந்து நமக்கு எதிரியாக இருந்த பேரரசின் தலைநகரம். இத்தனை வருடக் கதையில் பெயராக மட்டும் கேட்ட ஊர். அதை இடிபாடாகத்தான் காட்டுகிறார்கள்: பனிக்குள் புதைந்த தெருக்கள், கவிழ்ந்த இயந்திரங்கள். நாம் போவது படையோடு, ஆனால் போரிட அல்ல. போர்வையும் சாப்பாடும் கொண்டு போகிறோம். அவர்கள் வாங்க மறுக்கிறார்கள். குளிரில் விறைத்துக்கொண்டு, காட்டுமிராண்டிகள் கையால் வாங்க மாட்டோம் என்கிறார்கள். பேரரசு போன பிறகும் பேரரசுத் திமிர் போகவில்லை. அதற்கு வாதத்தால் பதில் சொல்லாமல் கஞ்சியையே திரும்பத் திரும்ப நீட்டவைத்திருக்கிறார்கள். கதாசிரியர் இஷிகாவா நட்சுகோவின் குழு இந்தப் பகுதியில் காட்டிய பொறுமை, இதுவரை நான் ஆடிய எந்த ஆன்லைன் கேமிலும் இல்லை. சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ஒளிந்திருக்கும் மிச்சப் படையினரும், யூலஸ் என்ற இளம் சிப்பாயும் வரும் காட்சிகளில் பட்டன் தட்டுவதை மறந்து வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து வந்தது, இந்த எக்ஸ்பான்ஷனிலேயே துணிச்சலான அரை மணி நேரம். எதிரிகள் நம் உடம்பைப் பிடுங்கிக்கொண்டு, நம் உயிரைச் சாதாரண கார்லிய சிப்பாய் ஒருவனின் உடம்பில் போட்டுவிடுகிறார்கள். கடவுள்களை வீழ்த்திய கை, இப்போது தெரு நாய் மாதிரி வரும் ஓர் இயந்திரத்திடம் தோற்கிறது. திறமைப் பட்டை கிட்டத்தட்ட காலி. ரத்தம் தானாக ஏறாது. மறைந்து போக வேண்டும், எரிபொருள் தேட வேண்டும். அந்த நேரத்தில் நம் உடம்பில் புகுந்திருக்கும் எதிரி நம் தோழர்களின் முகாமை நோக்கி நடந்துகொண்டிருக்கிறான். கடைசியில் நடக்கவும் தெம்பில்லாமல் பனியில் ஊர்ந்துதான் போகிறோம்.

இதை வெறுப்பவர்கள் நிறையப் பேர். கஷ்டம், தேவையற்றது, ஓட்டத்தைக் கெடுக்கிறது என்கிறார்கள். நான் எதிர்க்கட்சி. ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம் என்பதன் சாரமே எண் ஏறுவதுதான்: லெவல் ஏறும், கவசம் ஏறும், அடி ஏறும். அந்த ஏணியைப் பிடுங்கிவிட்டு, இது இல்லாமல் நீ யார் என்று கேட்க ஒரு கட்டணக் கேமுக்கு நெஞ்சழுத்தம் வேண்டும். இதே வெளியீட்டில்தான் அடியின் எண்களையும் மொத்தமாகச் சுருக்கிவிட்டார்கள். நேற்று வரை பல்லாயிரக்கணக்கில் தெரிந்த அடி இன்று சில ஆயிரம். வலிமை மாறவில்லை, இலக்கம்தான் குறைந்தது. அப்படியும் முதல் நாள் எனக்கு ஏதோ இளைத்துவிட்ட உணர்வு.

டிசம்பர் 11, சனி

நிலவுக்குப் போயாயிற்று. ஸோடியார்க் உடனான சண்டையும் முடிந்தது. எட்டுப் பேர் சேர்ந்து செய்யும் சண்டை; வருடக்கணக்காக ‘இவன்தான் கடைசி’ என்று சொல்லி வளர்த்த பூதம். அவனைக் கதையின் பாதியிலேயே முடித்துவிட்டார்கள். இனி என்ன இருக்கிறது என்று திகைக்க வைக்கும் நல்ல ஆட்டம் அது.

திகைப்பு அடங்குவதற்குள் முயல்கள் வந்துவிட்டன. லோபோரிட் என்று பெயர். உலகம் அழிந்தால் மனிதர்கள் தப்பிப்பதற்காக நிலவையே கப்பலாக்கி வைத்திருக்கின்றன, சாப்பாட்டுக்குக் கேரட் வளர்த்து வைத்திருக்கின்றன. யோசனை அழகுதான். ஆனால் கார்லமால்டின் கனத்தைத் தோளில் சுமந்து வந்தவனை உட்காரவைத்து, மணிக்கணக்கில் முயல் ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துகிறார்கள். அங்கே போ, இவரிடம் பேசு, திரும்பி வா, அவரிடம் சொல். இந்தக் கேமின் பழைய வியாதி இது, இன்னும் தீரவில்லை.

டிசம்பர் 12, ஞாயிறு

இன்று கதைக்கு ஓய்வு. எண்ட்வாக்கரில் வந்த புது ஜாப்கள் (பாத்திரத்தின் சண்டைத் தொழில்கள்) இரண்டும் 70ஆம் லெவலில் தொடங்குகின்றன. ஒன்று ரீப்பர்: கையில் அரிவாளோடு ஊரே ரீப்பர். டஞ்சனுக்குப் பதிந்துவிட்டு அவர்கள் காத்துக்கிடக்க, நான் இன்னொரு ஜாப்பான சேஜ் எடுத்தேன். ஹீலருக்குக் கதவு உடனே திறக்கும். முதுகுப் பக்கம் மிதக்கும் நான்கு கோல்கள். நாம் எதிரியை அடிக்க அடிக்க, குறித்து வைத்த தோழனுக்கு உயிர் ஏறும். ஹீலர் என்றால் உயிர்ப் பட்டைகளை முறைத்துக்கொண்டிருக்கும் வேலை என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறை ஆடிப் பார்க்கலாம். பழைய ஜாப்பான சம்மனரை அடியோடு மாற்றி எழுதியிருக்கிறார்கள். எளிதாகிவிட்டது, பார்க்கவும் பிரமாதம். கவச வரிசையில் பெல்ட்டையே ஒழித்துவிட்டார்கள். யாரும் துக்கம் அனுசரிக்கவில்லை.

டிசம்பர் 15, புதன்

மறுபடியும் தவ்னேர். வனஸ்பதி என்று ஒரு டஞ்சன். பெயரைப் பார்த்ததும் டால்டா டப்பா ஞாபகம் வந்து சிரித்தேன். உள்ளே போன பின் சிரிப்பில்லை. மனம் உடைந்தவர்கள் மிருகமாகிறார்கள். அதைப் பார்ப்பவன் பயந்தால் அவனும் மாறுகிறான். எதிரியை வெட்டுவதைவிடப் பக்கத்தில் இருப்பவனைத் தைரியமாக வைத்திருப்பதுதான் முக்கியமாகிறது. வீரன் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத தீவுவாசி மத்ஸ்யா, யாருடையதோ ஒரு கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறான். முகமூடி போட்டுக்கொண்டு எதிரே வருபவரைப் பார்த்து ஒதுங்கி நடந்த இந்த இரண்டு வருடத்துக்குப் பிறகு, அச்சம் தொற்றும் கதையை வேறு ஒருவர் விளக்க வேண்டியதில்லை.

இந்த எக்ஸ்பான்ஷனுக்கு இசையமைத்த சோகென் மசயோஷி 2020இல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தபடியே வேலை செய்தார் என்பதை இந்த ஆண்டு மே மாத ரசிகர் விழாவில்தான் சொன்னார்கள். அதற்காக இசையைக் கூட்டிப் புகழத் தேவையில்லை. அதன் தரத்துக்கே புகழலாம். ஒரே மெட்டைச் சண்டையில் முழக்கமாகவும், சாவு வீட்டில் பியானோவாகவும், பயணத்தில் முணுமுணுப்பாகவும் கொண்டுவருகிறார். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் காதில் படுகிறது.

பிறகு எல்பிஸ், பழங்காலம். சுற்றியிருப்பவர் உணர்ச்சிக்கு ஏற்ப நிறம் மாறும் பூக்கள் பூத்த தீவுகள். அங்கே என்ன நடக்கிறது என்று எழுதினால் ஜொகூர் தம்பி என்னைச் சும்மா விடமாட்டான். இன்னும் நிலவில் கேரட் பிடுங்கிக்கொண்டிருக்கிறான்.

டிசம்பர் 18, சனி

நேற்று நள்ளிரவுக்கு மேல் முடிந்தது. பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

2010இல் வெளிவந்து படுதோல்வியடைந்த கேம் இது. யோஷிதா பொறுப்பேற்று, 2012 நவம்பரில் வானிலிருந்து ஒரு நிலவை இறக்கி, கதைக்குள்ளேயே உலகத்தை அழித்து, சர்வரை மூடிவிட்டு, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டினார். ஒரு முறை அழிந்த உலகத்தின் கதையை, அழிவைப் பற்றியே எழுதி முடித்திருக்கிறார்கள். ஆன்லைன் கேமுக்கு முடிவு என்ற ஒன்று இருப்பதே வியாபாரத்துக்கு எதிரானது. சந்தா கட்டுபவனிடம் “கதை முடிந்தது” என்று சொல்ல எந்தக் கம்பெனிக்கு மனம் வரும்? இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கதை உண்டு, ஆனால் இந்தக் கதைக்கு மிச்சம் வைக்கவில்லை.

கேமாகப் பார்த்தால் புதுமை குறைவு. டஞ்சன்கள் பழைய அச்சு: நேர் வழி, இரண்டு கூட்டம், ஒரு பாஸ், மறுபடியும் அதே. வரைபடம் பெரிது, செய்ய வேண்டியது சிறிது. பத்தாயிரம் பேர் கூடும் இடம் என்று சொல்லிக்கொள்ளும் இதில், இந்த இரண்டு வாரத்தில் நான் அநேகமாகத் தனியாகத்தான் இருந்தேன். கூட்டம் எல்லாம் வாசலில். உள்ளே அவரவர் புத்தகம் அவரவர் கையில். அது குறையா என்றால், எனக்கு இல்லை. நேற்றிரவு முடித்துவிட்டேன் என்று தெரிந்ததும், போன வாரம் ஆச்சரியக்குறி போட்ட ஒவ்வொருவரும் வந்து விடியும்வரை பேசித் தீர்த்தார்கள்.

கார்லமால்டுக்கும் எல்பிஸுக்கும் முழு மதிப்பெண். நிலவுக்குப் பாதி. பின்தொடரும் குவெஸ்டுகளுக்குப் பூஜ்யம். 21ஆம் தேதி பாண்டமோனியம் ரெய்டு வருகிறது; அதன் கடின வடிவம் ஜனவரி 4இல்.

ஆபீஸ் நண்பர் கேட்டார், நேராக எண்ட்வாக்கரிலிருந்து தொடங்கலாமா என்று. இப்போதைக்கு முடியாது. நெரிசல் தாங்காமல் விற்பனையையே நிறுத்தியிருக்கிறார்கள், இலவசப் பதிப்புக்கும் புதிதாகப் பதிய முடியாது. சந்தாவில் இன்னும் 14 நாள் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். மறுபடி திறந்ததும், 60ஆம் லெவல் வரை காசில்லாமல் ஆடக்கூடிய இலவசப் பதிப்பில் ஆரம்பியுங்கள். முன்கதையைத் தாண்டவைக்கும் சீட்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். முதல் பகுதி இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்சீன் எதையும் தட்டிவிடாதீர்கள்.