அப்பாவும் எலி மருந்தும்

"எலிக்கு வைக்கிற மருந்தையா எனக்குக் கொடுக்கிறாய்?" என்று கேட்டு, அப்பா மாத்திரைப் பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

செம்பனைக் காட்டில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். மரத்தடியில் எலிக்கு மெழுகுக் கட்டி வைத்த கை அது. அதிலிருந்த வார்பரின்தான் இந்த மாத்திரையிலும் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியைப் பார்த்துச் சொல்லிவிட்டான். மறுக்க எனக்கு வாயில்லை. 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் அமெரிக்காவில் மனிதருக்கும் அனுமதிக்கப்பட்டதுதான் அது.

"அப்பா, உங்கள் இதயத்தின் மேலறை ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்குகிறது. கால்வாயில் தண்ணீர் ஓடாவிட்டால் சேறு கட்டுவதுபோல், அங்கே இரத்தம் தேங்கி உறைந்துவிடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். உறையாமல் தடுக்கத்தான் இந்த மருந்து. எலிக்கு அளவில்லை, உங்களுக்கு அளவு உண்டு" என்றேன். அரைமனதாகத் தலையசைத்தார். நானும் பாடம் நடத்தி முடித்த திருப்தியில் பள்ளிக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் நிற்கவில்லை. மருத்துவமனையில் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்தார்கள். 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டியது 6ஐத் தாண்டியிருந்தது. விசாரித்தபோதுதான் எல்லாம் வெளிவந்தது. மறந்த நாளுக்கும் சேர்த்து மறுநாள் இரண்டாக விழுங்கியிருக்கிறார். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை வேறு. சேர்த்துப் போட்டால் சீக்கிரம் குணமாகும் என்ற எண்ணம் நம் தோட்டத்து மக்களை விட்டுப் போகவில்லையே! வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைத் தினமும் பார்க்கிற நான், அப்பாவின் மாத்திரையை ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது சமையலறை நாள்காட்டியில் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு கோடு. மறந்தது அன்றே நினைவுக்கு வந்தால் விழுங்குவார். மறுநாளாகிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு அன்றைய அளவு மட்டும். வலி மாத்திரையோ, சின்சே கடை வேரோ, மருந்தாளரைக் கேட்காமல் வாயில் வைப்பதில்லை. பல் பிடுங்கப் போனால்கூட வார்பரின் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார். கறுப்பாக மலம் போனாலும், விழுந்து தலையில் அடிபட்டாலும் நேரே மருத்துவமனைக்கு.

கீரையால்தான் வீட்டில் சண்டை. ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா அடியோடு நிறுத்திவிட்டார். கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மருந்தின் வேகத்தைக் குறைப்பது உண்மை. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு வாரம் குவித்து மறுவாரம் வெறுமையாக விடாமல் ஒரே அளவாகச் சாப்பிடட்டும் என்றார் மருந்தாளர். வாரம் இருமுறை முருங்கைக்கீரை மறுபடி தட்டுக்கு வந்தது.

போன மாதம் 2.4. அந்த எண்ணை அப்பாவே நாள்காட்டியில் எழுதிவிட்டு, "எலிக்குச் சாப்பாட்டு நேரமாச்சு, தண்ணீர் கொண்டா" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.