படத்துக்கு உடுத்த சேலை

மலர்க் குழுவினர் கட்டுரை ஒன்று கேட்டபொழுது, இலக்கியம் பற்றி எழுதுவதே தமிழாசிரியனுக்கு அழகு என எண்ணினேன். ஆயின், விழாவன்று பழைய மாணவர் யாவரும் கூடிப் படம் பிடித்துக்கொள்ளும்போது எவ்வுடை அணிவது என்று நண்பரிடையே வாதம் எழக் கண்டபின், என் இல்லத்தில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுதலே பொருந்தும் எனத் தோன்றிற்று.

என் அத்தை, அதாவது தந்தையாரின் தமக்கை, நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் வாழ்பவர். எழுபதைக் கடந்தவர். முத்துமாரியம்மன் தேரைக் கண்டு தொழவேண்டும் என்ற நெடுநாள் ஆசையோடு சென்ற மாசி மகத்துக்கு மாத்தளை வந்திருந்தார். அவர் திரும்புமுன் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள் என் மகள். அதற்கு அவளே சட்டமும் வகுத்தாள். ஆடவர்க்கு இளநீலச் சட்டை. பெண்டிர்க்கு இளநீலச் சேலை. "எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தால்தான் அப்பா, படம் எடுப்பாக இருக்கும்" என்றாள். என் மனைவியோ கலியாணப் பட்டை விட்டுக்கொடுக்க இசைந்தாளில்லை. வேட்டியா, காற்சட்டையா என்பது என் கவலை. கட்டிலெங்கும் துணி குவிந்தது.

அத்தை மட்டும் வாய் திறவாது சுவரில் மாட்டியிருந்த பழம்படத்தையே நோக்கிக்கொண்டிருந்தார். அது 1971இல் மாத்தளை நகரத்து நிழற்பட நிலையம் ஒன்றில் எடுத்தது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின்படி, மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்வது என்று விடப்பட்டது. என் பாட்டனார் இலங்கைப் பிரசாவுரிமைக்கு மனுச் செய்தார். அத்தை புகுந்த வீட்டினர் இந்தியாவுக்கு மனுச் செய்தனர். தலைமன்னாருக்குப் புகையிரதம், அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். பயணம் சொல்லும் முன் எடுத்த படம் அது. இரண்டு பிரதிகள், கடலுக்கு இப்பால் ஒன்று, அப்பால் ஒன்று.

படத்தில் பாட்டனார் அணிந்திருக்கும் கோட்டு அவருடையதன்று. வருவோர் அணிந்துகொள்ளவென நிலையத்தார் ஆணியில் மாட்டி வைத்திருந்தது. கைகள் விரல்வரை நீண்டிருக்கும். பன்னிரண்டு வயதுத் தந்தையார் பள்ளிச் சீருடையில் நிற்பார். அவரிடமிருந்த நல்லுடை அதுவே. பாட்டியார் உடுத்திருந்த சேலை எந்நிறம் என்பதிலே உடன்பிறந்தாரிடையே தீராத வழக்கு உண்டு. சிவப்பு என்பார் தந்தையார். பச்சை என்று எழுதுவார் அத்தை. அரக்குச் சிவப்பும் இலைப் பச்சையும் கறுப்பு வெள்ளைப் படத்திலே ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாய் விழும். ஆகவே அப்படம் எவர் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. தந்தையார் இன்று இல்லை.

"பச்சைதான் தம்பி," என்றார் அத்தை. "பக்கத்துக் காம்பிரா அக்காவிடம் இரவல் வாங்கிய சேலை. கூடலூரில் இந்தப் படத்தைப் பார்த்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். ஆனால் இது என் அம்மா மாதிரியே இல்லை. என் அம்மாவுக்கு இடுப்பிலே படங்கு, தலையிலே துணி, முதுகிலே கூடை. இரவல் சேலை கசங்கிவிடும் என்று பயந்து, அன்றைக்கு அம்மா என்னை அணைத்துக்கூடப் பிடிக்கவில்லை."

துணி மடித்துக்கொண்டிருந்த என் மகளின் கை நின்றது.

அன்றிரவு நெடுநேரம் சிந்தித்தேன். இரவற் கோட்டை எள்ளி நகையாட என் மனம் ஒப்பவில்லை. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்த யூலியா மார்கிரட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, களுத்துறைப் பகுதியிலே தோட்டத் தொழிலாளரையும் ஊர் மக்களையும் படம் பிடித்தார். அப்படங்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை. படத்தில் நிற்போருட் பலருக்கோ பெயரில்லை. அன்று தொட்டு இன்றைய தேயிலை விளம்பரம் வரை, கூடை சுமந்த எம் பெண்களின் கோலத்தைப் பெரும்பாலும் பிறரே தெரிந்தெடுத்தனர். என் பாட்டனார் தம் கோலத்தைத் தாமே தெரிந்தெடுத்த நாள் அந்த 1971ஆம் ஆண்டு நாளாகத்தான் இருக்கும். மகளைக் கொண்டவர் முன் தாமும் ஒரு மனிதராய் நிற்க வேண்டும் என்று விரும்பினார். அதில் என்ன பிழை? எனினும், அந்த விருப்பத்துக்கு விலையாக ஒரு மகள் தன் தாயின் அணைப்பை இழந்தாள் என்பதும் மெய்யே.

மறுநாட் காலையில் இரண்டு படங்கள் எடுத்தோம். முதற்படத்தில் எல்லோரும் என் மகளின் சட்டப்படி இளநீலம். இரண்டாம் படத்தில் அவரவர் அன்றாட உடை. நான் சாரத்துடன், மனைவி சமையற்கட்டுச் சேலையுடன், அத்தை தாம் கொண்டுவந்த வெளிறிய நூற்சேலையுடன். என் மகள் பாட்டியின் மடிமேல் சாய்ந்திருந்தாள். சேலை கசங்கிற்று, எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

"எந்தப் படம் வேண்டும், பாட்டி?" என்று கேட்டாள் மகள்.

"இரண்டும் வேண்டும். அது சுவருக்கு; இது எனக்கு" என்றார் அத்தை.

ஆதலால், விழாவுக்குக் கூடும் பழைய மாணவ நண்பர்களே, குழுப்படத்துக்குக் கோட்டு அணிவோர் அணிக; வேட்டி கட்டுவோர் கட்டுக. ஆயினும் கசங்கிவிடும் என்று அஞ்சி, பக்கத்தில் நிற்கும் பழந்தோழனின் தோளிற் கைபோடாது இருந்துவிடாதீர்கள். படத்தின் பின்புறத்திலே பெயர்களையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். எங்கள் பழம்படத்தின் பின்னே, "அம்மா, 1971, பச்சைச் சேலை, இரவல்" என்று என் மகள் இப்பொழுது எழுதி வைத்திருக்கிறாள்.