மாவுக்கட்டோடு பிலிம் சிட்டிக்கு

அரையாண்டு விடுமுறைக்கு ஹைதராபாத் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. புறப்பட இரண்டு வாரம் இருக்கையில் வீட்டில் ஒருவருக்குக் கணுக்காலில் மாவுக்கட்டு. "நீங்க போய்ட்டு வாங்க" என்பார். பெரும்பாலும் அது அம்மாவாகத்தான் இருக்கும். டாக்டர் சம்மதித்தால் பயணத்தை விடவேண்டியதில்லை; பூங்காவை மாற்றினால் போதும்.

2016இல் அங்கே திறந்த வொண்டர்லா பிள்ளைகளுக்குச் சொர்க்கம். கட்டுப் போட்டவருக்கோ தண்ணீரும் ஆகாது, ராட்டினமும் ஆகாது. பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருப்பதே அவர் வேலையாகிவிடும்.

ராமோஜி பிலிம் சிட்டி வேறு ரகம். விஜயவாடா சாலையில் 1996இல் திறந்த இந்த இடம் (ஊர் என்றே சொல்லலாம், 1,666 ஏக்கர்) நல்ல கால் உள்ளவராலும் நடந்து தீராது. அதனால் எல்லோருக்குமே பஸ்தான். பொய் ரயில் நிலையமும் பொய் விமான நிலையமும் உட்கார்ந்தபடியே பார்க்கக் கிடைக்கும்.

சிக்கல் பஸ் படிகளில். பலமுறை ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவைப்பது நல்லது. ஞாயிறு வேண்டாம். எல்லா இடத்திலும் இறங்கும் பேராசையும் வேண்டாம். பிள்ளைகள் 'பாகுபலி' செட்டைச் சுற்றிவரட்டும். அம்மா ஸ்டண்ட் காட்சிக்கு முன்னதாகப் போய் நல்ல இடம் பிடிக்கட்டும்.

தொங்கவிட்ட கால் மதியத்துக்குள் வீங்கும். உள்ளேயே ஓட்டல்கள் உண்டு. செலவு கூடுதல்தான், ஆனால் காலைத் தலையணைமேல் தூக்கிவைத்து இரண்டு மணி நேரம் படுத்தால், மாலை நிகழ்ச்சிக்கு அவரும் வருவார். விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.