தெங்குமரஹாடா பஸ்

போன வாரம் ஒரு போன் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் 2011-ல் நானும் வீட்டுக்காரம்மாவும் போய்வந்த ஒரு பஸ் பயணத்தைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வருஷம் ஜனவரி 28-ஆம் தேதியை நம்மூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட நாள். கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். முப்பது வருஷமாக வின்ச் சத்தத்தில் தூங்கி எழுந்த எனக்கு அந்த அமைதியே காதை அடைத்தது. டையிங் மாஸ்டர் என்று பேர். கையில் வேலை இல்லை.

எங்கள் பட்டறையில் ஹெல்ப்பராக இருந்த தம்பி ஒருவனுக்குச் சொந்த ஊர் தெங்குமரஹாடா. மூடியதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். பிப்ரவரியில் கூப்பிட்டான். "மாஸ்டர், சும்மாதானே இருக்கீங்க. அக்காவைக் கூட்டிட்டு ஒரு நாள் வாங்க. காலைல வந்தா சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிடலாம்" என்றான். அப்போது இப்போதுபோல அவ்வளவு கெடுபிடி கிடையாது. ஊர்க்காரர் வீட்டுக்கு வருகிறோம் என்றால் செக்போஸ்டில் விடுவார்கள்.

விடியும் முன்னே கிளம்பி, அவிநாசி, சேவூர், புளியம்பட்டி என்று பஸ் மாறி பவானிசாகர் போய்ச் சேர்ந்தோம். டீ குடிக்கும்போதே பஸ் வந்துவிட்டது. கவர்மென்ட் பஸ்தான். ஆனால் உள்ளே பாதி ஆள், பாதி சாமான். அரிசி சிப்பம், கேஸ் சிலிண்டர், பிவிசி பைப், ஒரு கூடை கோழிக்குஞ்சு. காட்டுக்குள் இருக்கும் ஊருக்கு எது போனாலும் அந்த பஸ்ஸில்தான் போக வேண்டும். கண்டக்டருக்கு எல்லார் பேரும் தெரியும். எங்களைப் பார்த்ததும், "யார் வீட்டுக்குங்க?" என்றுதான் கேட்டார். டிக்கெட் அப்புறம்தான்.

காராச்சிக்கொரை செக்போஸ்ட் தாண்டியதும் தார் ரோடு போய்விடும். அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் மண்ணும் கல்லும்தான். பள்ளங்களில் இறங்கி ஏறும்போது முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்குச் சொல்லும். இடது பக்கம் நீலகிரி சுவர் மாதிரி நிற்கிறது. வலது பக்கம் தலமலை மலைகள். நடுவில் மாயாறு அறுத்துக்கொண்டு வந்த பள்ளத்தாக்கு. கோத்தகிரிக்கு மேலே கோடநாடு காட்சிமுனைக்குப் போனவர்கள் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்திருப்பீர்கள். வெள்ளி நூல் மாதிரி ஓர் ஆறும், பச்சையாக ஒரு துண்டு வயலும் தெரியும். அந்தத் துண்டுதான் தெங்குமரஹாடா. மேலிருந்து பார்த்தால் படம். கீழே போனால் முள், புழுதி, வெயில்.

மான் கூட்டம் பார்த்தோம். ஒரு திருப்பத்தில் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டார். முன்னால் ஐந்தாறு யானை, ஒரு குட்டி. பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை, கோழிக்குஞ்சுகளைத் தவிர. கால் மணி நேரம். அவை தாங்களாகவே இறங்கிப் போன பிறகு டிரைவர் ஒன்றும் நடக்காதது மாதிரி கியர் போட்டார். தலைக்கு மேலே பெரிய பறவைகள் வட்டமிட்டன. பக்கத்து சீட்டுப் பெரியவர், "பாறுங்க" என்றார். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி மருந்தால் இந்தியா முழுக்க அழிந்துபோன பிணந்தின்னிக் கழுகு, இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டுகிறது என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பஸ் ஆற்றங்கரையோடு நின்றுவிடும். ஊர் அக்கரையில். இக்கரை ஈரோடு மாவட்டம், அக்கரை நீலகிரி மாவட்டம். பாலம் கிடையாது. பரிசல்தான். தம்பி கரையில் காத்திருந்தான். "கைய வெளிய தொங்கப் போடாதீங்க அக்கா, முதலை இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நிஜமாகவே இருக்கிறது.

1948-ல் உணவுத் தட்டுப்பாடு நேரத்தில் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் வைத்து, காட்டு நிலத்தை விவசாயத்துக்குக் கொடுத்து உண்டான ஊர் அது. நெல், வாழை, மஞ்சள், மிளகாய். வீட்டில் அவன் அம்மா கன்னடம் கலந்து பேசினார். களியும் கீரைக் குழம்பும் போட்டார். அந்த ருசியைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம், இப்போது வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரை மர நிழலில் உட்கார்ந்தோம். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம், அப்படித் தண்ணீர். வீட்டுக்காரம்மா இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். பிறகு சொன்னாள், "ஏனுங்க, இந்தத் தண்ணிதானுங்க எங்க வாய்க்கால்ல வந்தது."

ஆமாம். மாயாறு பவானிசாகரில் கலக்கிறது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் போகிறது. அவள் பிறந்த ஊர் சென்னிமலைப் பக்கம். என் மாமனாருக்கு வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர், நொய்யல் ஓரம் கிணற்றோடு இரண்டு ஏக்கர். 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டியபோது ஊரே சந்தோஷப்பட்டது. அணையில் வந்து நின்றது திருப்பூர் சாயத்தண்ணி. இரண்டு மூன்று வருஷத்தில் கிணறு உப்பாகி, தென்னை மட்டை பழுத்துத் தொங்கியது. மாடு வாய் வைக்கவில்லை.

அடர் நிறம் போட லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு கொட்டுவோம். உப்பு துணியில் ஒட்டாது. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு, அப்படியே வெளியே வந்துவிடும். அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வால்வைத் திறந்துவிட்டவன் நான்தான். ஓனர் சொன்னார், செய்தேன் என்று சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன். மாமனார் சாகும் வரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போனால் மட்டும் குடிக்க கேன் தண்ணி வாங்கி வைப்பார்.

அன்றைக்கு அவளும் கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றாள். திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. பேச்சு அதிகம் இல்லை. புளியம்பட்டியில் இரண்டு சீப்புப் பழம் வாங்கினோம். பட்டறை பிறகு சுத்திகரிப்போடு திறந்தபோது கூப்பிட்டார்கள். போனேன். பிள்ளை படித்துக்கொண்டிருந்தான். ரிட்டையர் ஆகும் வரை அங்கேதான்.

இனி போன் விஷயம். பேசியது அந்தத் தம்பிதான். புலிகள் காப்பகத்துக்காக அந்த ஊரையே காலி செய்யச் சொல்லும் பேச்சு ரொம்ப நாளாக நடக்கிறது, கோர்ட் வரைக்கும் போனது. குடும்பத்துக்கு 15 லட்சம் என்று கணக்கு. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் ஆறு தாண்டி அல்லாடுகிறவர்கள் போகலாம் என்கிறார்கள், வயதானவர்களுக்கு மனசு வரவில்லை. அவன் அம்மா இன்னும் இருக்கிறார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். திருப்பூர்ல ரெண்டு சென்ட் இப்ப என்ன விலைங்க?"

எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"எந்தப் பக்கமா இருந்தாலும் சரிங்க. போர் தண்ணி நல்லா இருக்கணும். அம்மாவுக்கு உப்புத் தண்ணி ஒத்துக்காது."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு வாரமாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.