ஓசி சாஃப்ட்வேரும் ஒன்றரை ஜிபியும்

போன மாதச் சுவர் இதழில் கவிதையும் விடுகதையும் நிறைய வந்துவிட்டன. அதனால் நான் டிவி பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீங்க, முழுசா படிங்க.

டிவி பெட்டி என்றால் டிவி இல்லை. டிவிக்குப் பின்னாடி ஒயர் போட்டு மாட்டுவோமே, உள்ளங்கை அளவு கறுப்பாக, ஆண்ட்ராய்டு பாக்ஸ் என்று, அது. அது இருந்தால் சாதா டிவியிலும் யூடியூப் வரும், பென் டிரைவ் செருகிப் படம் பார்க்கலாம். அதற்குள்ளே ஃபர்ம்வேர் என்று ஒன்று இருக்கிறது. ஆன் செய்ததும் முதலில் கண் விழிப்பது அதுதான். ரிமோட்டை அமுக்கினால் என்ன செய்யணும், படத்தை ஒயரில் எப்படி அனுப்பணும் எல்லாம் அதற்குத்தான் தெரியும். 2022 நவம்பரில் அரசு கேபிளில் லட்சக்கணக்கான வீடுகளில் டிவி ஓடாமல் போனது ஞாபகம் இருக்கா? அப்போது வீட்டுப் பெட்டியும் கெடவில்லை, ஒயரும் அறுபடவில்லை. பிரச்சினை மென்பொருளில். மென்பொருள் இல்லாவிட்டால் பெட்டி வெறும் பிளாஸ்டிக் டப்பா.

எங்கள் வீட்டுப் பெட்டி சித்தப்பா வாங்கியது. இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. பிறகு யூடியூப் திறக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். செய்த கம்பெனி புது ஃபர்ம்வேர் தருவதை நிறுத்திவிடும், நாம் புதுசு வாங்கணும். சித்தப்பா வேலை பார்ப்பது தோல் ஷாப்பில். புதுசு வாங்க அவரிடம் எங்கே துட்டு? அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கேட்டார். "வேற சாஃப்ட்வேர் போட்டுத் தரேன், 300 ரூபா, எல்லா சேனலும் ஃப்ரீ" என்றார்கள்.

நானும் கூடப் போயிருந்தேன். பெட்டியின் பின்னால் ஆடியோ ஒயர் செருகும் ஓட்டைக்குள் பல் குத்தும் குச்சியை விட்டார் கடைக்காரர். உள்ளே ஒரு குட்டி பட்டன் ஒளிந்திருக்கு! அதை அமுக்கிக்கொண்டே கரண்ட் கொடுத்தால் பெட்டி பழைய ஃபர்ம்வேரைத் தேடாமல் மெமரி கார்டில் இருப்பதை எடுத்து எழுதிக்கொள்கிறது. பாதியில் கரண்ட் போனால் அவ்வளவுதான், பழசும் இருக்காது, புதுசும் இருக்காது. வெளியே ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பெட்டிக்குள்ளே வேறு வேறு சிப் இருக்கும். ஆம்லாஜிக் சிப்புக்கு எழுதியதை ராக்சிப் பெட்டியில் போட்டால் பெட்டி எழுந்திருக்காது. ஒரே சிப்பாக இருந்தாலும் வைஃபை வராமல் போகலாம், ரிமோட் கேட்காமல் போகலாம். இப்படிச் செத்துப்போன பெட்டியைச் செங்கல் என்று சொல்கிறார்கள்.

டிவிடி பிளேயர் காலத்திலும் இப்படிச் செய்தார்களாம். டிவிடிக்கு உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் கொடுத்திருந்தார்கள், இந்தியா 5-ம் எண். அமெரிக்காவில் விற்கிற 1-ம் எண் தட்டு இங்கே ஓடாது. ஓட வைக்க ரிமோட்டில் ரகசிய எண் அடிப்பார்கள். சில பிளேயருக்கு ஃபர்ம்வேரையே மாற்றுவார்கள். தப்பானால் பிளேயர் போச்சு. அதோடு முடிந்தது, ஏனென்றால் அந்தப் பிளேயருக்கு நெட் கிடையாது.

எங்கள் பெட்டி செங்கல் ஆகவில்லை. ஜோராக ஓடியது. வந்த வினையே அதில்தான்.

எங்கள் வீட்டில் வைஃபை இல்லை. அப்பா பேரில் சிம் போட்ட பழைய போன் ஒன்று அலமாரியிலேயே இருக்கும், அதில் ஹாட்ஸ்பாட் போட்டால் பெட்டிக்கு நெட் வரும். தினம் ஒன்றரை ஜிபி. வகுப்புக் குழுவில் டீச்சர் அனுப்புகிற வீட்டுப்பாடமும் அந்தப் போனுக்குத்தான் வரும். கடைக்குப் போய் வந்த நாலாம் நாளிலிருந்து காலை ஏழு மணிக்கே "பாதி டேட்டா முடிந்தது" என்று மெசேஜ். பத்து மணிக்கு முழுசும் காலி. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் புது டேட்டா வரும். அப்படியென்றால் ராத்திரி யார் பார்த்தது?

"இவதான் போர்வைக்குள்ள வெச்சிகினு ராத்திரியெல்லாம் நோண்டுறா" என்றார் அப்பா. வீட்டில் பதினாலு வயசுப் பொண்ணு நான் ஒருத்திதானே! பாட்டி மட்டும் "கொழந்த நல்லா தூங்குச்சு, நான் பாத்தேன்" என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. போன் அம்மாவின் பீரோவுக்குள் போய்விட்டது, ஹாட்ஸ்பாட் ஆனிலேயே. அதாவது எனக்கு நெட் இல்லை, பெட்டிக்கு உண்டு! நான்கு நாள் வீட்டுப்பாடம் தெரியாமல் வகுப்பில் நின்றேன். அதைவிட, யாரோடு பேசுகிறாளோ என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது காதில் விழுந்தது. அதை இங்கே விரிவாக எழுத விருப்பமில்லை.

பீரோவில் பூட்டியும் டேட்டா காலியானது. அப்போதுதான் அம்மாவுக்கே சந்தேகம் வந்தது. அம்மா ஷூ கம்பெனியில் செக்கிங். மேல் பக்கம் பளபளவென்று இருக்கிற தோலையும் திருப்பிப் போட்டு உள் பக்கம் பார்க்கணும், கத்திக் கீறல் அங்கேதான் தெரியும் என்பார். "எதையும் திருப்பிப் பாரு" என்று போனை என்னிடம் கொடுத்தார். செட்டிங்ஸில் எந்த ஆப் எவ்வளவு டேட்டா தின்றது என்று வரும். ஹாட்ஸ்பாட் என்பதற்கு நேராகத்தான் முக்கால்வாசி. பிறகு இரண்டு ராத்திரி பெட்டியின் சுவிட்சை அணைத்தேன், இரண்டு ராத்திரி விட்டுவைத்தேன். ரஃப் நோட்டில் எழுதினேன். அணைத்த ராத்திரிகளில் ஒன்றும் குறையவில்லை. விட்டுவைத்த ராத்திரிகளில் 0.8 ஜிபி, 0.9 ஜிபி. டிவி அணைந்துதான் இருந்தது, பெட்டி தூங்கவில்லை.

ஹைடெக் லேபில் கணினி சாரிடம் சொன்னேன். பெட்டியின் செட்டிங்ஸில் 'அபௌட்' என்ற இடத்தில் பில்ட் நம்பரைப் பார்த்து வரச் சொன்னார். அதன் கடைசியில் 'டெஸ்ட் கீஸ்' என்று இருந்தது. ஒழுங்கான ஃபர்ம்வேருக்குக் கம்பெனி தன் சொந்தச் சாவியால் முத்திரை வைக்கும். டெஸ்ட் கீஸ் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த சாவி, யார் வேண்டுமானாலும் திறந்து எதையும் உள்ளே வைத்து மறுபடி பூட்டலாம். 2023 ஜனவரியில் கனடா நாட்டு டேனியல் மிலிசிச் என்பவர், தான் வாங்கிய டி95 என்ற பெட்டியில் இதே டெஸ்ட் கீஸையும் உள்ளேயே வைத்த கள்ள மென்பொருளையும் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார். அது புதுப் பெட்டி! 2024 செப்டம்பரில் ரஷ்யாவின் டாக்டர் வெப் நிறுவனம், வாய்டு என்ற கள்ள மென்பொருள் 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் பெட்டிகளில் புகுந்திருப்பதாகச் சொன்னது. அது புக இருக்கக்கூடிய வழிகளில் ஒன்றாக அவர்கள் சொன்னது, அதிகாரபூர்வமில்லாத ஃபர்ம்வேர். 2025 பிப்ரவரியில் இன்னொரு ஆய்வில் இந்தியாவில் மட்டும் 2 லட்சத்துக்கு மேல் என்று வந்தது. ஜெர்மனி அரசு 2024 டிசம்பரில் 30,000 கருவிகளின் கள்ளத் தொடர்பை வெட்டிவிட்டது.

இந்தக் கள்ள மென்பொருள் என்ன செய்யும்? சும்மா சும்மா விளம்பரத்தை அமுக்கிக் காசு பார்க்கும், அது கூடப் போகட்டும். நம் நெட்டை வேறு ஒருவனுக்கு வாடகைக்கு விடும். எங்கேயோ உட்கார்ந்து ஒருவன் திருட்டு வேலை செய்தால், அது எங்கள் வீட்டிலிருந்து செய்ததாகத்தான் தெரியும். எங்கள் சிம் யார் பேரில்? அப்பா பேரில், அப்பா ஆதாரில். சார் இதைச் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என்னைத் திட்டியதைக்கூட மறந்துவிட்டேன்.

வெளி ஆள் எழுதிய ஃபர்ம்வேர் எல்லாமே மோசம் என்று சார் சொல்லவில்லை. கோர்எலெக், லிப்ரெஎலெக் என்று சில இருக்கின்றன. எழுதியதை எல்லாரும் படித்துப் பார்க்கும்படி திறந்தே வைத்திருக்கிறார்கள், எந்தச் சிப்புக்கு எது என்றும் சொல்கிறார்கள். மெமரி கார்டிலிருந்தே ஓடும், கார்டை எடுத்தால் பழையது அப்படியே இருக்கும். கடைக்காரர் போட்டது அப்படி இல்லை, யார் எழுதியது என்று அவருக்கே தெரியாது. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாதாம், ரீசெட் செய்தால் திரும்பி வருவதும் அதே கள்ள ஃபர்ம்வேர்தானே.

சித்தப்பா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னா ஆயிடப் போவுது, எல்லா சேனலும் வருதில்ல?" என்றார். ரஃப் நோட்டைக் காட்டினேன். ஆதார் விஷயத்தைச் சொன்னதும் அப்பாவே எழுந்து போய் ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். புது பாஸ்வேர்டு போட்டது நான். இப்போது பெட்டிக்கு நெட் கிடையாது, பென் டிரைவில் பழைய படம் மட்டும். போன் என்னிடம் திரும்பி வந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் பஜ்ஜி வாங்கி வந்தார்.

எங்கள் வகுப்பில் விசாரித்தேன். ஏழு பேர் வீட்டில் இந்தப் பெட்டி இருக்கிறது. நாலு பேர் செட்டிங்ஸைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மூன்று வீட்டில் பிரச்சினை இல்லை. ஒருத்தி வீட்டில் அதே டெஸ்ட் கீஸ். அவள் அப்பா கடைக் கணக்கு, ஜிபே எல்லாம் அந்த நெட்டில்தான். இன்று சாயங்காலம் வீட்டில் சொல்லப் போகிறாள், ரஃப் நோட்டை என்னிடம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.