இரணைமடுக் கரையில் ஒரு தணல் விருந்து

வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கி, கச்சானும் வாங்கிக்கொண்டு பயணத்தைத் தொடர்வது வழக்கம். நாமும் அவ்வாறே செய்தோம். கிளிநொச்சியை அணுகுமுன் அறிவியல் நகரும், அங்கமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் எதிர்ப்பட்டன. அங்கு பயிலும் இளைஞருக்கு மாபெரும் பாடநூலொன்று அருகிலேயே விரிந்து கிடக்கிறது. அதுவே இரணைமடுக் குளம்.

இரணை என்பது இரட்டையைக் குறிக்கும். கனகராயன் ஆற்றை மறித்து இக்குளம் அமைக்கும் வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கியது. பின்னாளில் அதன் கட்டு பலமுறை உயர்த்தப்பட்டது. வடகீழ்ப் பருவமழையே இதனை நிரப்புவது. கிளிநொச்சியின் வயல்கள் இதனையே நம்பி வாழ்கின்றன.

நாம் சென்றது நீர்ப்பாசனப் பொறியியலாளரான நண்பர் ஒருவரின் குடும்ப விருந்திற்காகும். மார்கழி விடுமுறையில், குளம் வான் பாயும்போது அகப்படும் மீனை வயற்கொட்டிலில் தணலிட்டுச் சுட்டு, உற்றார் அனைவரும் கூடியுண்பது அக்குடும்பத்தின் பழைய வழக்கம். ஆனால் வான் பாயும் நாள்களே பொறியியலாளர் கண்ணயரக் கூடாத நாள்கள் அல்லவா?

அதன் காரணத்தை நண்பர் விளக்கினார். மண்ணாலான கட்டின்மேல் நீர் வழிந்தோடத் தொடங்கினால் கட்டு அரிப்புண்டு உடையும். வான்கதவை முந்தித் திறந்தால் சிறுபோகத்திற்கு வேண்டிய நீர் வீணாகும். பிந்தித் திறந்தால் தாழ்நிலத்து மக்கள் இடருறுவர்.

2018ஆம் ஆண்டு டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. அன்று வேறொரு குளக்கட்டில் நண்பர் விழித்திருந்தார். வீட்டிலோ மூட்டிய தணல் அவரின்றியே அவிந்தது. “ஆண்டில் ஒருநாள்கூட வர இயலாதா?” என்று தமையன்மார் மனம் வருந்தினர். வயதான தந்தையார் மட்டும், “பிள்ளையள், நெருப்புக் காத்திருக்கும், வெள்ளம் காத்திருக்காது. நாங்கள் மாதத்தை மாத்துவம்” என்றாராம்.

அவ்வாறே விருந்து ஆவணி விடுமுறைக்கு மாறியது. அம்மாதத்தில் குளநீர் வற்றியிருக்கும். வலையில் விரால் அகப்படும். பாலை விறகை எரித்து, சுவாலை அடங்கித் தணலாகும்வரை பொறுத்திருந்தனர். கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசிய மீனைக் கம்பித்தட்டில் பரப்பினர். மரவள்ளிக் கிழங்கைச் சுடுசாம்பலிற் புதைத்தனர். குளக்கட்டில் பலருக்குக் கட்டளையிடும் நண்பர், இங்கே “தம்பி, அவசரப்படாதை, ஒருபக்கம் வேகட்டும்” என்னும் தந்தையின் சொல்லுக்குப் பணிந்து மீனைப் புரட்டினார். தேசிக்காய்ப் புளி பிழிந்து, தேங்காய்ச் சம்பலுடன் உண்ட அச்சுவையை எழுத்தில் வடித்தல் அரிது.

மாற்றத்தினால் இழப்பே இல்லையென்று கூறுவதற்கில்லை. மழையின் குளிரில் தணலருகே நெருங்கியிருந்த இன்பமும், வான் பாயும் பேரோசையும் ஆவணியில் இல்லையென முதியோர் ஏங்குகின்றனர். ஆயினும் நாளைவிட ஆளே பெரிதென அக்குடும்பம் துணிந்தது. அதனாலன்றோ தந்தையின் கைப்பக்குவம் மகனுக்கு வாய்த்தது!

அறிவியல் நகரில் இன்று பயிலும் மாணவரும் நாளை ஏதேனுமொரு குளக்கட்டில் மழையிரவில் விழித்திருப்பர். அவர்கள் வீடுகளிலும் தணல் சற்றே காத்திருக்குமாக!