முதல் கரண்டி யாருக்கு?

பேரப்பிள்ளைகளே, கடைசி பெஞ்சில் தலை சாய்த்துக் கிடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வதை நான் வாத்தியாராக இருந்த காலம் முழுக்கக் கேட்டேன். அதன் கீழ் இமையை இழுத்து, உள்ளே வெளுத்திருக்கிறதா என்று பார்த்தவர்கள் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், நம் நாட்டின் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. பையன்களில் 31 பேருக்கு. இத்தனை பேருமா சோம்பேறிகள்?

உயரமும் சதையும் வைக்கும் வயதில் புது இரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டும். பையன்களுக்கு வளர்த்தி நின்றதும் அந்தத் தேவை இறங்கிவிடும். பெண்ணுக்கு அவ்வளவாக இறங்காது, மாதவிலக்கில் போவதையும் அவள் ஈடுகட்ட வேண்டுமே. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி, 16 முதல் 18 வயதுப் பையனுக்கு நாளொன்றுக்கு 26 மில்லிகிராம், பெண்ணுக்கு 32. வளர்ந்த ஆணுக்கு 19 போதும்.

இப்போது நம் வீட்டுப் பந்தியைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ வாங்கினால் முதல் கரண்டி அப்பாவுக்கு, அடுத்தது அண்ணனுக்கு. அதிகம் தேவைப்படுகிற தங்கைக்கு மிஞ்சுவது குழம்பு. அன்பில்லாமல் யாரும் இப்படிச் செய்வதில்லை, பழக்கம்தான். ஆனாலும் அது தவறு. தம்பிகளே, இதை மாற்ற உங்களால் முடியும். கறித்துண்டு முதலில் அவள் தட்டுக்குப் போகட்டும்.

கறி சாப்பிடாத வீடா? முருங்கைக்கீரை, கம்பு, பயறு எல்லாம் இருக்கின்றன. ஆனால் இவற்றிலுள்ள இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் குறையும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் போலிக் அமிலமும் உண்டு. குமட்டுகிறது என்று ஜன்னலுக்கு வெளியே வீசாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினால் குமட்டல் குறையும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும்.

பெண்பிள்ளைகளே, மாதவிலக்கில் இரத்தம் அதிகமாகப் போனாலோ, படியேறும்போது மூச்சு வாங்கினாலோ வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பாருங்கள். உங்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக்கூடாது. 15 வயது தாண்டிய பையன்களுக்கு 13. குறைந்திருந்தால் மருந்தின் அளவை மருத்துவரே சொல்லட்டும், நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள்.